இதயத்துக்கு ஒரு வழி – 6: பலூன் விரிந்த வெள்ளிக்கிழமை

இதுவரை: 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தன் கையின் ரத்தக்குழாய் வழியாகத் தன் இதயத்துக்குள்ளேயே ஒரு குழாயைச் செலுத்தினார். 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸின் குழாயிலிருந்து தவறுதலாக இதய ரத்தக்குழாய்க்குள் சாயம் பாய, அதிலிருந்து ஆஞ்சியோகிராம் பிறந்தது. 1967இல் அதே மருத்துவமனையில் ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயைக் கொண்டு அடைப்பைச் சுற்றி மாற்றுப்பாதை போட்டார். ஆனால் அதற்கு நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டும்.

இடையில், 1964 ஜனவரியில், போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் வேறொன்று செய்தார். காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் தொடை ரத்தக்குழாய் அடைப்பை, கத்தியே வைக்காமல், குழாயால் விரித்துவிட்டார். கால் பிழைத்தது. அமெரிக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘கிறுக்கு சார்லி’ என்று பெயர் வைத்ததோடு சரி.

காலில் முடிந்தது இதயத்தில் முடியுமா? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தினோம்.

* * *

நோயாளி கேட்டது

ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் 1939 ஜூன் 25 அன்று டிரெஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையைப் போர் கொண்டுபோய்விட்டது. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் வளர்ந்து, 1958இல் மேற்கே தப்பிவந்து, ஹைடல்பெர்க்கில் மருத்துவம் படித்தார்.

டார்ம்ஸ்டாட் நகர மருத்துவமனையில் பணியாற்றியபோது, கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட ஒரு நோயாளி அவரிடம் கேட்டாராம்: அடைத்துக்கொண்ட குழாயைப் பிளம்பர் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதில்லையா, அப்படி இதையும் செய்ய முடியாதா?

மருத்துவம் அறிந்தவர்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கேள்வி. குரூன்ட்சிக் கடந்துபோகவில்லை.

டாட்டரின் முறையை அமெரிக்கா ஒதுக்கியபோது, ஜெர்மனியில் எபர்ஹார்ட் சைட்லர் அதைக் கையிலெடுத்து நோயாளிகளுக்குச் செய்துகொண்டிருந்தார். அவர் ஆற்றிய ஓர் உரையில்தான் அந்த முறை குரூன்ட்சிக்கின் காதில் முதலில் விழுந்தது. 1969இல் குரூன்ட்சிக் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு, ரத்தக்குழாய் நோய்ப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். டாட்டரின் முறையைக் கற்றார், செய்தார். செய்யச் செய்ய அதன் குறையும் தெரிந்தது.

டாட்டர் மெல்லிய குழாய் ஒன்றை முதலில் அடைப்புக்குள் நுழைப்பார். அதன் மேலேயே அதைவிடத் தடித்த குழாயை ஏற்றித் தள்ளுவார். உள்ளே எவ்வளவு விரிக்க வேண்டுமோ, அவ்வளவு பெரிய துளையைத் தொடையிடுக்கிலும் போட்டாக வேண்டும். போகிற வழியில் கொழுப்புப் படிவைக் குழாயின் முனை முன்னே தள்ளிக்கொண்டு போகும் ஆபத்தும் உண்டு.

தேவைப்பட்டது, நுழையும்போது மெலிந்தும் உரிய இடத்துக்குப் போனபின் பருத்தும் இருக்கும் ஒரு கருவி. வெளிநோக்கி மட்டும் அழுத்தி விரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி சுருங்கி, வந்த வழியே வெளியேற வேண்டும்.

ஆக, பலூன்.

* * *

சமையலறை மேசை

பலூன் என்ற எண்ணம் புதிதல்ல. டாட்டரே யோசித்தது, மற்றவர்களும் முயன்றது. எல்லோரையும் தோற்கடித்தது ரப்பர்.

லேடெக்ஸ் ரப்பர் பலூனை ஓர் அடைப்புக்குள் வைத்து ஊதினால், எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கே வீங்கும். கெட்டிப்பட்ட அடைப்பு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இரு பக்கமும் பலூன் புடைக்கும். அடைப்பு அப்படியே இருக்கும், அதன் இருபுறமும் உள்ள நல்ல சுவர்தான் கிழியும்.

குரூன்ட்சிக் தேடியது பிடிவாதமான பலூனை. குறிப்பிட்ட அளவுவரை விரிய வேண்டும், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் ஒரு மயிரிழைகூடப் பெருக்கக் கூடாது. பலூனின் வீக்கத்தைக் கட்டுப்படுத்தப் பட்டு வலை சுற்றலாமா என்று ஷூ லேஸ் பின்னும் தொழிற்சாலைக்கெல்லாம் போய்ப் பார்த்தார்.

விடை வேதியியலிலிருந்து வந்தது. சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஹைன்ரிஷ் ஹோஃப், பிவிசி என்ற பாலிவினைல் குளோரைடைக் காட்டினார். இன்று வீட்டுத் தண்ணீர்க் குழாய்களில் இருக்கும் அதே பிளாஸ்டிக் குடும்பம். மெல்லிய சுவராக இழுத்தாலும் அது வலுவாக நிற்கும், வார்த்த அளவைத் தாண்டாது.

இனி அதை வார்க்க வேண்டும். செய்துகொடுக்க ஒரு நிறுவனமும் முன்வராத காலம். சூரிச்சில் குரூன்ட்சிக்கின் வீட்டுச் சமையலறை மேசைதான் தொழிற்கூடமானது.

பகல் முழுக்க மருத்துவமனை. மாலையில் அந்த மேசையைச் சுற்றி நால்வர்: குரூன்ட்சிக், அவர் மனைவி மிகாயெலா, உதவியாளர் மரியா ஷ்லும்ஃப், மரியாவின் கணவர் வால்ட்டர். மேசைமேல் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், பிளேடு, பசை, நூல்.

பிவிசி குழாயின் ஒரு சிறு பகுதியை மட்டும் சூடாக்குவார்கள். அது இளகியதும் உள்ளே காற்றை அழுத்துவார்கள். இளகிய இடம் மட்டும் உப்பி, இருமுனையும் குறுகிய சிறு உருளையாக நிற்கும். அதை ஒரு மெல்லிய வடிகுழாயின் நுனியில் பொருத்தி, ஒட்டி, ஊதிப் பார்ப்பார்கள். கசிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். வெடித்தாலும் அப்படியே. மறுபடி குழாய், மறுபடி சூடு.

மருத்துவ வரலாற்றின் பெரிய கருவிகளில் ஒன்று இப்படித்தான் உருவானது. ஒரு பெரிய ஆய்வகத்தின் பணமும் ஆளும் இல்லாமல், வேலை முடிந்து களைத்துவந்த நால்வரின் விரல்நுனியில். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது பெருமதிப்பு பெருகுகிறது. மேதைமை ஒரு மின்னலில் வருவதாக நினைத்துக்கொள்கிறோம். இங்கே அது சலிக்காத உழைப்பின் முகத்தோடு வந்தது.

1974 பிப்ரவரி 12. அந்த மேசையில் பிறந்த பலூன் முதன்முறையாக ஒரு மனிதரின் கால் ரத்தக்குழாய்க்குள் சென்றது. விரிந்தது. அடைப்பு திறந்தது.

* * *

கால் வேறு, இதயம் வேறு

அடுத்த ஆண்டு அவர் இரட்டைப் பாதைக் குழாயைச் செய்து முடித்தார். ஒரு பாதை பலூனை ஊதவும் சுருக்கவும். இன்னொரு பாதை குழாயின் நுனிவரை செல்லும். அதன் வழியே சாயம் செலுத்தலாம், அடைப்புக்கு அப்பால் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அளக்கலாம். பலூனுக்கு முன்னும் பின்னும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றானால் பாதை திறந்துவிட்டது என்று பொருள். கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் எண்ணாலும் உறுதிசெய்யும் வசதி அது.

இப்போது இதயம்.

காலின் ரத்தக்குழாய் அசையாமல் கிடக்கும். இதயத்தின் ரத்தக்குழாய் ஒவ்வொரு துடிப்பிலும் துள்ளும். அதன் விட்டம் மூன்று மில்லிமீட்டர் அளவே. காலில் ஏதாவது தவறினால் யோசிக்க மணிக்கணக்கில் அவகாசம் உண்டு. இதயத்தில் அந்த அவகாசம் கிடையாது.

மூன்று அச்சங்கள் எல்லோரையும் கட்டிப்போட்டிருந்தன.

பலூன் விரிந்திருக்கும் நொடிகளில் ரத்தம் முற்றாக நிற்கும். இதயம் தாங்குமா, தாளம் தப்பி நின்றுவிடுமா?

நசுங்கிய கொழுப்புத் துணுக்குகள் ரத்தத்தோடு ஓடிப்போய்க் கீழே உள்ள நுண்குழாய்களை அடைத்தால் என்ன ஆகும்?

விரித்த சுவர் கிழிந்து அங்கேயே மூடிக்கொண்டால்?

இவை கற்பனைப் பயங்கள் அல்ல. மூன்றுமே நடக்கக்கூடியவை. குரூன்ட்சிக் அவற்றை ஒவ்வொன்றாக எதிர்கொண்டார். 1975 செப்டம்பரில் நாயின் இதயத்தில் முதல் சோதனை. நாய்க்கு மனிதனுக்கு வருவதுபோல் கொழுப்பு அடைப்பு இருக்காது. ஆகவே அறுவை மருத்துவர் மார்க்கோ டூரினா ரத்தக்குழாயைச் சுற்றி நூலிட்டு இறுக்கிச் செயற்கை அடைப்பை உண்டாக்கித் தந்தார். குரூன்ட்சிக் அதைப் பலூனால் திறந்தார்.

1976 நவம்பர். அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், மயாமி பீச். நாய்ச் சோதனை முடிவுகளைச் சுவரொட்டியாக ஒட்டிவைத்துப் பக்கத்தில் நின்றார் குரூன்ட்சிக். வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். அட்லாண்டாவின் ஸ்பென்சர் கிங், இது ஒருநாளும் நடக்காது என்றார். அதே கிங்தான் பின்னாளில் குரூன்ட்சிக்கின் நெருங்கிய சகாவானார், தன் கணிப்பு பொய்த்ததைத் தானே பலமுறை சொல்லி மகிழ்ந்தார்.

நின்று பேசியவர்களில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவின் ரிச்சர்ட் மைலர். 1977 மே மாதம், மைலரின் மருத்துவமனையில் பைபாஸ் அறுவைக்காக நெஞ்சு திறக்கப்பட்ட நோயாளிகளிடம், அறுவையின் நடுவிலேயே பலூனைச் சோதித்தார்கள். அறுவை மருத்துவர் எப்படியும் மாற்றுப்பாதை போடப் போகிறார், ஆகவே நோயாளிக்கு இழப்பில்லை. அடைப்பை விரித்தபின் ரத்தக்குழாயைக் கழுவி, துணுக்குகள் ஏதும் வருகின்றனவா என்று தேடினார்கள். எதுவும் வரவில்லை.

மூன்று அச்சங்களில் ஒன்று தணிந்தது. மற்ற இரண்டுக்கும் விடை, கண் விழித்திருக்கும் ஒரு மனிதரின் துடிக்கும் இதயத்தில் மட்டுமே கிடைக்கும்.

* * *

செப்டம்பர் 16, 1977

யாரை முதல் நோயாளியாகத் தேர்ந்தெடுப்பது? வரலாற்றின் போக்கை முடிவுசெய்த கேள்வி இதுதான் என்பேன்.

ஆபத்தான புதிய சிகிச்சையை வேறு வழியே இல்லாதவரிடம் சோதிப்பது வழக்கம். குரூன்ட்சிக் நேர்மாறாக நினைத்தார். இதயம் முழுக்கச் சிதைந்த ஒருவரிடம் செய்து அவர் இறந்துபோனால், தவறு நோயுடையதா பலூனுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. முறையும் அன்றோடு புதைந்துபோகும். ஒரே ஒரு அடைப்பு, குட்டையானது, வாயருகே உள்ளது, மற்றபடி வலுவான இதயம்: அப்படி ஒருவர் வரும்வரை காத்திருந்தார்.

அவர் வந்தார். வயது 38. குரூன்ட்சிக்குக்கும் அப்போது அதே வயது. கடுமையான நெஞ்சுவலியோடு சேர்க்கப்பட்டிருந்தார். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது முன் இறங்கு ரத்தக்குழாயின் தொடக்கத்தில், சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓர் அடைப்பு. மற்ற குழாய்கள் நன்றாக இருந்தன. பைபாஸ் அறுவைக்குரியவர்தான். அந்த வார்டில் பணியிலிருந்த இளம் மருத்துவர் பெர்ன்ஹார்ட் மையர், இவரைப் பற்றிக் குரூன்ட்சிக்கிடம் சொன்னார்.

நோயாளியிடம் எதையும் மறைக்கவில்லை. இது இதுவரை யாருக்கும் செய்யப்படாதது, தவறினால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டிவரும் என்றார்கள். அவர் சம்மதித்தார்.

இன்னொருவரின் சம்மதமும் தேவைப்பட்டது. இதய அறுவைத் துறையின் தலைவர் ஓக்கெ சென்னிங். 1958இல் உலகின் முதல் பேஸ்மேக்கரை மனித உடலுக்குள் வைத்தவர். பலூன் வென்றால் தன் துறைக்கு வரும் நோயாளிகள் குறைவார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் பச்சைக்கொடி காட்டினார். அறுவை அரங்கு ஒன்றைத் தயாராக வைத்துக் காத்திருந்தது அவருடைய குழு. இந்த வரலாற்றில் அவருடைய பெருந்தன்மைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

வெள்ளிக்கிழமை. நோயாளி விழித்தபடி மேசையில் படுத்திருந்தார். தொடையிடுக்கில் சிறு துளை. அதன் வழியே வழிகாட்டும் குழாய் பெருந்தமனியில் ஏறி, இடது இதய ரத்தக்குழாயின் வாயில் போய் அமர்ந்தது. அதற்குள்ளே பலூன் குழாய் நகர்ந்தது.

ரத்தம் நிற்கும் நொடிகளுக்காகக் குரூன்ட்சிக் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஒரு பம்பு. நோயாளியின் ரத்தத்தையே குழாயின் நுனிப்பாதை வழியே அடைப்புக்கு அப்பால் செலுத்த அது காத்திருந்தது.

பலூன் அடைப்புக்குள் நுழைந்தது. நுனியில் அழுத்தம் சட்டென்று விழுந்தது. எதிர்பார்த்ததுதான், குழாயே இடத்தை அடைத்துக்கொண்டது.

ஊதினார்.

அறையிலிருந்த அத்தனை கண்களும் இசிஜி திரைமேல். கோடு மேலே எழுமா? தாளம் தப்புமா?

எதுவும் ஆகவில்லை. ஒரு துடிப்புகூடப் பிசகவில்லை. நோயாளிக்கு நெஞ்சுவலி இல்லை. பம்பை ஓட்ட வேண்டாம் என்று அந்தக் கணத்தில் முடிவெடுத்தார் குரூன்ட்சிக்.

பலூனைச் சுருக்கியதும் அடைப்புக்கு அப்பால் அழுத்தம் ஏறத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் வித்தியாசம் மிச்சமிருந்தது. இரண்டாம் முறை ஊதினார். அழுத்த வித்தியாசம் மறைந்தது. சாயம் செலுத்திப் படமெடுத்தார்கள். சற்றுமுன் இறுகிக் கிடந்த இடத்தில் ரத்தம் தடையின்றி ஓடியது.

பம்பு சும்மா நின்றது. அறுவை அரங்கு காலியாகவே இருந்தது. நெஞ்சுவலி அவரை விட்டு நீங்கியது. சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 1987 செப்டம்பரில் எடுத்த படத்திலும் அதே இடம் திறந்தே இருந்தது.

* * *

கைதட்டலுக்குப் பிறகு

1977ஆம் ஆண்டின் இறுதி. மறுபடியும் மயாமி பீச், மறுபடியும் அமெரிக்க இதயச் சங்கம். இம்முறை சுவரொட்டி இல்லை, மேடை. முதல் நான்கு நோயாளிகளைப் பற்றிக் குரூன்ட்சிக் பேசி முடிப்பதற்குள் அரங்கம் கைதட்டியது.

புகழ் வந்தபின் ஒருவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவருடைய உண்மையான அளவு தெரியும். குரூன்ட்சிக் இரண்டு காரியங்கள் செய்தார்.

முதலாவது, கதவைத் திறந்துவைத்தார். 1978இலேயே சூரிச்சில் நேரடிப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. மருத்துவர்கள் அரங்கில் அமர்ந்து தொலைக்காட்சித் திரையில் பார்க்க, அவர் உள்ளே நோயாளிக்குச் சிகிச்சை செய்வார், கேள்விகளுக்குப் பதில் சொல்வார். வெற்றி பெற்றாலும் தவறினாலும் எல்லோர் கண்முன்னும்தான். தோல்வியை மறைக்க விரும்புகிறவர் தேர்ந்தெடுக்கும் வழி இது இல்லை.

இரண்டாவது, எண்ணிக் காட்டினார். 1979இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முதல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். வெற்றி 32 பேரிடம். அவர்களுக்குச் சராசரி அடைப்பு 84 விழுக்காட்டிலிருந்து 34க்கு இறங்கியிருந்தது. ஐந்து பேருக்கு நிலைமை சட்டென்று மோசமாகி அவசர பைபாஸ் தேவைப்பட்டது. அவர்களில் மூவருக்கு மாரடைப்பின் தடயம்.

50இல் 32. விளம்பரத்துக்கு ஆகும் எண் இல்லை இது. அவர் அதை அப்படியே எழுதினார். பைபாஸுக்கு வருபவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கே இந்த முறை பொருந்தும் என்றும் எழுதினார். மருந்தோடும் அறுவையோடும் இதை ஒப்பிட்டு முறையான சோதனை நடந்தாக வேண்டும் என்று அவரே கேட்டார். அதே ஆண்டு அமெரிக்க தேசிய இதய நிறுவனம் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, பல மருத்துவமனைகளின் வெற்றி தோல்விகளைத் திரட்டலானது.

பலூன் சிகிச்சை நிலைத்ததற்குப் பலூன் மட்டும் காரணமில்லை என்று நான் நம்புகிறேன். டாட்டரிடம் கற்பனையும் துணிவும் நிறைய இருந்தன. அவை மட்டும் சக மருத்துவர்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தரவில்லை. குரூன்ட்சிக் சரியான நோயாளி வரும்வரை பொறுத்தார், செய்வதைத் திரைபோடாமல் காட்டினார், தோற்ற கணக்கையும் வென்ற கணக்கோடு ஒரே பக்கத்தில் எழுதினார். அந்த நேர்மைதான் ஒரு துணிச்சலை மருத்துவமாக்கியது. இன்று மாரடைப்போடு ஓடிவரும் ஒருவரின் கையிலோ தொடையிலோ சிறு துளை போட்டு உயிரை மீட்கும் ஒவ்வொரு மருத்துவரும் அந்த நேர்மையின் வாரிசு.

* * *

திரும்பி வந்தவர்கள்

1980இல் குரூன்ட்சிக் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். பலூன் உலகெங்கும் பரவியது. நோயாளிகள் நூறாக, ஆயிரமாகக் கூடினார்கள்.

கூடவே ஒரு புதிர் தலைகாட்டியது.

வெற்றி என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, சில மாதங்களுக்குள் அதே இடத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. அதே வலியோடு வந்து நின்றார்கள். இன்னும் சிலருக்குச் சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலேயே, சில வேளைகளில் மேசையிலேயே, விரித்த குழாய் சட்டென்று மூடிக்கொண்டது. அறுவை அரங்கை எப்போதும் தயாராக வைத்திருந்ததன் காரணம் அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

பலூன் கொழுப்பை நசுக்கிச் சுவரோடு சுவராகப் படியவைக்கிறது என்றுதான் டாட்டர் காலத்திலிருந்து நம்பியிருந்தார்கள். இறந்தவர்களின் ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது வேறு. படிவு பிளந்திருந்தது. சுவரின் உள்படலம் விரிசல்விட்டிருந்தது. பலூன் திறந்த ஒவ்வொரு பாதையும் ஒரு காயமாகவும் இருந்தது. காயம் ஆறும்போது உடல் அங்கே புதிய திசுவை வளர்த்தது, அந்தத் திசுவே பாதையை மறுபடி குறுக்கியது.

1985 அக்டோபர் 27 அன்று, ஜார்ஜியா மாநிலத்தில் தன் விமானத்தைத் தானே ஓட்டிச் சென்றபோது நேர்ந்த விபத்தில் குரூன்ட்சிக்கும் அவருடைய இரண்டாம் மனைவியும் இறந்துபோனார்கள். அவருக்கு வயது 46. டாட்டரும் சோன்ஸும் அதே ஆண்டில்தான் மறைந்தார்கள். வழி திறந்த மூவரும் இல்லாமல் போனார்கள், புதிர் மட்டும் அவிழாமல் நின்றது.

ஐந்தே மாதங்களில், 1986 மார்ச்சில், பிரான்சின் துலூஸ் நகரில் ஒரு மருத்துவர் மெல்லிய உலோகச் சல்லடைக் குழல் ஒன்றை மனித இதய ரத்தக்குழாய்க்குள் கொண்டுசென்றார். விரித்த சுவரை விழாமல் தாங்க, அதை அங்கேயே நிரந்தரமாக விட்டுவிட்டு வெளியே வந்தார்.

ரத்தத்துக்கு அந்நியமான ஓர் உலோகத்தை, மூன்று மில்லிமீட்டர் பாதைக்குள், ஆயுள் முழுக்க விட்டுவைத்தால் ரத்தம் அதன்மேல் உறையாமல் இருக்குமா? காயத்தைத் தாங்க வந்த ஊன்றுகோலே புதிய அடைப்பாகிவிடுமா?

(தொடரும்)